முழங்காலுக்குள் ஒரு புது மூட்டு

1890-இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளூக் என்ற அறுவை மருத்துவர், காசநோய் அரித்த முழங்காலை எடுத்துவிட்டு யானைத் தந்தத்தில் செய்த மூட்டைப் பொருத்தினார். மூட்டு மடங்கியது, நீண்டது. ஆனால் உள்ளே சீழ் பிடித்தது. கைத்திறனில் குறையில்லை, அவரைத் தோற்கடித்தது கிருமி.

மூட்டு மாற்று என்றதும் முழங்காலையே வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். எடுப்பது தேய்ந்த மேற்பரப்பை மட்டும்தான். பெரும்பாலும் எலும்பு முனைகளில் 9 மில்லிமீட்டர் அளவுக்கு. தொடையெலும்பின் முனைக்குக் கோபால்ட்-குரோமியம் உறை, கணைக்கால் எலும்பின் தலையில் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே வழவழப்பான பாலிஎத்திலின் துண்டு. 1974-இல் நியூயார்க்கில் ஜான் இன்சாலும் சக மருத்துவர்களும் பொருத்தத் தொடங்கிய மாதிரிதான் இன்றைய மூட்டுகளுக்கு முன்னோடி.

வெட்டுவதைவிடச் சமன்செய்வதுதான் கடினம். கால் வெளிப்பக்கமாக வளைந்த நோயாளிக்கு மூட்டின் உட்பக்க நார்கள் இறுகியிருக்கும். மருத்துவர் மாதிரித் துண்டை வைத்துக் காலை மடக்கி நீட்டுவார், பக்கவாட்டில் அழுத்திப் பார்ப்பார், நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். இறுக்கம் மிஞ்சினால் கால் மடங்காது. தளர்ந்துவிட்டால் நடக்கும்போது ஆட்டம் காணும். இரு பக்கமும் சரியான பிறகே எலும்புச் சிமெண்டைக் குழைப்பார்கள். பிசைந்த மாவின் பதத்தில் இருக்கும் அது, சூடேறிச் சில நிமிடங்களில் கல்லாக இறுகிவிடும்.

அறுவைக்குப் பிறகு காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போவது பெரிய ஆபத்து. அதற்காகத்தான் அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்கவைக்கிறார்கள். வலிக்குப் பயந்து பயிற்சியைத் தள்ளிப்போட்டால் மூட்டு விறைத்துவிடும்.

குளூக்கை வீழ்த்திய கிருமி இன்னும் போகவில்லை. நூறில் ஒருவர் இருவருக்கு அது வருகிறது. உலோகத்தின்மேல் படலமாகப் படிந்துகொண்டால் மருந்து அதை எளிதில் எட்டாது. முற்றிவிட்டால் மூட்டைக் கழற்றி, ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்ட் துண்டைத் தற்காலிகமாக வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, மறுபடி புது மூட்டு பொருத்த வேண்டிவரும். அதனால்தான் அறுவைக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். சொத்தைப் பல்லையும் காலிலுள்ள புண்ணையும் பார்க்கிறார்கள்.

தையலில் நீர் கசிந்தால், மூட்டு சிவந்து வீங்கினால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. எந்தக் கிருமி என்று மூட்டு நீரைச் சோதித்துக் கண்டுபிடிப்பதற்கு அந்த மாத்திரையே தடையாகிவிடும். அறுவை செய்த மருத்துவரிடம் அன்றைக்கே போக வேண்டும்.