டேங்கியில் இருக்கும் மருந்தின் பெயரைக் கேளுங்கள்

வலப்பனை, ராகலை, உடப்புசல்லாவைப் பக்கத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர்களிடம் என்ன மருந்து என்று கேட்டுப் பாருங்கள். கிரமொக்சோன் என்ற பெயர் வரும். அதற்குள் இருந்தது பராகுவாட். அதைக் குடித்து உயிரை விட்டவர்கள் ஏராளம் என்பதால், 2008இல் தொடங்கி 2011க்குள் இலங்கை அதைப் படிப்படியாக நிறுத்தியது. நல்ல முடிவுதான். ஆனால் குடிக்காமல், டேங்கியை முதுகில் சுமந்து வருடக்கணக்கில் அடித்தவர்களின் உடம்பைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை.

மருந்து உடம்பில் எங்கே அடிக்கிறது என்று முதலில் பார்ப்போம். உடம்புக்குச் சக்தி தருபவை உயிரணுக்களுக்குள் இருக்கும் இழைமணிகள், அதாவது மைட்டோகொண்ட்ரியா. ஓர் இழைமணி பழுதானால் உயிரணு அதைச் சுற்றிவளைத்துத் தானே செரித்துவிடும். தன்விழுங்கல் எனப்படும் இந்தத் துப்புரவுக்கான மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்த ஜப்பானிய விஞ்ஞானி யொஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. பழுதான இழைமணியைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு, அப்புறப்படுத்த வழி செய்வது பார்க்கின் என்ற புரதம் என்று 2008இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் யூல் குழுவினர் காட்டினார்கள். அந்தப் புரதத்தின் மரபணு பழுதாகப் பிறந்தவர்களுக்கு இளவயதிலேயே பார்கின்சன் நோய் வருவது 1998இலேயே தெரிந்திருந்தது.

பராகுவாட் உயிரணுவுக்குள் எலக்ட்ரானைப் பிடுங்கி ஒட்சிசனிடம் கொடுக்கும். கொடுத்த கையோடு அடுத்ததைப் பிடுங்கும். இப்படி ஒரே மூலக்கூறு திரும்பத் திரும்ப நச்சை உண்டாக்குவதால் இழைமணிகள் அடிபடுகின்றன. துப்புரவு அதற்கு ஈடுகொடுக்காதபோது டோபமின் சுரக்கும் மூளை நரம்பணுக்கள் அழியத் தொடங்குகின்றன; பார்கின்சன் நோயில் அழிவது இவைதான். பராகுவாட் பயன்படுத்திய அமெரிக்க விவசாயத் தரப்பினருக்குப் பார்கின்சன் இரண்டரை மடங்கு கூடுதலாகக் காணப்பட்டதாக 2011இல் வெளியான ஆய்வு சொன்னது. மருந்தடித்த எல்லோருக்கும் நோய் வரும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனாலும் மருந்தடித்த விவரத்தை டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.

பார்கின்சன் வந்தால், சும்மா இருக்கும்போது ஒரு கை மட்டும் நடுங்கும். நடை சுருங்கும், சட்டைப் பொத்தான் போட நேரமெடுக்கும். வாசனை தெரியாமல் போவதும் மலச்சிக்கலும் பல வருடம் முன்னாலேயே வந்திருக்கலாம். கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குக் கை வேகம் குறைந்தால் நிறை வராது, அரைப்பேர் விழும்; சோம்பல் என்ற பேச்சும் கேட்க வேண்டிவரும். "வயசுதானே" என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு வாங்குவதில்லை. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். தேவைப்பட்டால் கண்டியில் நரம்பியல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். லெவோடோபா மாத்திரை நோயை ஒழிக்காது, ஆனால் கை கால்களை மறுபடி ஓரளவு இயங்க வைக்கும். அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

இழைமணிக்குச் சக்தி தரும் என்று விலை கூடிய கப்சூல்களும் விற்கிறார்கள். அவற்றில் பெயர்பெற்ற கோஎன்சைம் கியூ10ஐ 600 பார்கின்சன் நோயாளிகளிடம் சோதித்தார்கள்; பலனில்லை என்று 2011இல் நிறுத்திவிட்டார்கள். நாள் சம்பளத்தில் வாழும் குடும்பம் அதற்குக் கடன் வாங்கக் கூடாது.

பராகுவாட் போய்விட்டாலும் மருந்தடிப்பு போகவில்லை. தோட்டத்திலும், பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் கைக்காசுக்குப் போகும் வேலையிலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. ஒழுகும் டேங்கி முதுகுச் சட்டையை நனைக்கிறது. அட்டை கடித்த காயம், கவ்வாத்துக் கத்தி பட்ட வெட்டு ஆகியவற்றின் வழியே மருந்து உள்ளே இறங்கும். கை கழுவாமல் ரொட்டியைப் பிய்ப்பதும் வெற்றிலை மடிப்பதும் வாய்க்கே மருந்தைக் கொண்டுபோகும். நனைந்த உடுப்பை உடனே மாற்றி, பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். யாராவது குடித்துவிட்டால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், லேபலோடு போத்தலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பிரட்டுக்களத்தில் மருந்தடிக்கப் பெயர் சொன்னால், என்ன மருந்து என்று கேளுங்கள். கையுறை, முகமூடி, பூட்ஸ் கேளுங்கள். தராவிட்டால் தொழிற்சங்கத்திடமும் தொழில் அலுவலகத்திடமும் எழுத்தில் முறையிடுங்கள். தொழில் அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம், அது அரசியலமைப்பு தந்த உரிமை. வேலையால் வந்த விபத்துக்கும் சில தொழில் நோய்களுக்கும் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆணையாளரிடம் போகலாம். பார்கின்சனுக்கு மருந்தடிப்புத்தான் காரணம் என்று நிரூபிப்பது கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆதாரம் இல்லாதவருக்கு அது இன்னும் கடினம். ஜனவசம போன்ற அரசுத் தோட்டம் என்றால், எந்த வருடம் என்ன மருந்து அடித்தார்கள் என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்; 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனியார் கம்பெனித் தோட்டமானால், பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் திகதி, மலை, மருந்தின் பெயர், அடித்த மணிநேரம் ஆகியவற்றை இன்றிலிருந்தே எழுதி வையுங்கள். பெயர் தெரியவில்லையா? போனில் லேபலைப் படமெடுத்தால் போதும்.