மணலில் எழுதிய எழுத்து: ஆரம்பக் கற்றலுக்கான துணை பற்றிச் சில கருத்துகள்

யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறை நோக்கிச் செல்லும் வீதியில், அல்லைப்பிட்டியை அடுத்து வேலணைக்கு முன்பாக அமைந்துள்ள மணற்பாங்கான கிராமம் மண்கும்பான். 1990 ஆம் ஆண்டின் இடப்பெயர்வு இதனையும் அயற்கிராமங்களையும் வெறுமையாக்கியது. மக்கள் மீண்டது சிறுகச் சிறுகவே. இத்தகைய கிராமமொன்றிலிருந்து அரசாங்கப் பாடசாலையின் முதலாந் தரத்துக்கு வந்து சேரும் பிள்ளைக்கு எத்தகைய கற்றற்றுணை வேண்டும் என்பதே இங்கு நாம் ஆராய முற்படும் வினாவாகும்.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி பாடசாலைக் கதவைத் திறந்துவிட்டது. 1998 முதல் ஐந்து வயதிலிருந்து கல்வி கட்டாயமாயிற்று. எனினும் அக்கதவினூடாக வரும் பிள்ளைகள் யாவரும் சமநிலையில் வருவதில்லை. ஒரு பிள்ளை கதைப் புத்தகங்களோடு வளர்ந்து, முன்பள்ளியிலும் பயின்று வருகின்றது. கடற்றொழிலாளியின் அல்லது நாட்கூலியின் பிள்ளை பென்சிலை முதன்முதலாகப் பிடிப்பதே வகுப்பறையிலாக இருக்கக்கூடும். முன்பள்ளியோ கட்டாயக் கல்வியின் எல்லைக்கு வெளியே நிற்கின்றது. ஆகவே, வர்க்க வேறுபாடு முதலாந் தரத்துக்கு முன்னரே தன் வேலையைத் தொடங்கிவிடுகின்றது எனலாம்.

இதனோடு மொழிச் சிக்கலொன்றும் இணைகின்றது. தாய்மொழிவழிக் கல்வியிலும் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே தூரம் உண்டு. வீட்டில் 'அவை வந்திட்டினம்' என்னும் பிள்ளை, பாடநூலில் 'அவர்கள் வந்துவிட்டார்கள்' என வாசிக்க வேண்டியுள்ளது. 247 எழுத்துகளின் அறிமுகத்தோடு இந்தத் தூரத்தையும் அது கடக்க வேண்டும். பிள்ளையின் பேச்சைப் பிழையென ஒதுக்கும் ஆசிரியர் அதன் வாயை அடைக்கின்றார். அப்பேச்சிலிருந்தே எழுத்துக்கு இட்டுச் செல்பவரே உண்மையான துணையை அளிப்பவராவர்.

பிள்ளை இன்று பிறர் துணையோடு செய்வதை நாளை தானாகவே செய்யும் என்பது சோவியத் உளவியலறிஞர் வைகோட்ஸ்கியின் கருத்தாகும். 1998 இல் கம்பகா மாவட்டத்தில் முன்னோடியாகத் தொடங்கப்பெற்று, 1999 முதல் நாடெங்கும் விரிந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் விளையாட்டையும் செயற்பாட்டையும் எழுத்துவேலையோடு இணைத்து, அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை வகுத்தது. ஆயின் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் கீழ்வகுப்புகள்வரை நீள்கின்றது. சித்தியடையக்கூடிய பிள்ளைக்கே மேலதிக வகுப்பு. எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்குப் பின்வாங்கு! துணையின் நியாயமே இங்கு தலைகீழாகின்றது.

சின்னஞ்சிறு பாடசாலைக்கு ஒரு நன்மை உண்டு. பிள்ளைகள் சிலராயிருப்பதால் ஒவ்வொருவரின் அருகிலும் ஆசிரியர் அமர முடியும். ஆனால் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று தரங்களைத் தாங்க நேரும்போது அந்நன்மை மறைந்துபோகின்றது.

வரலாறு நமக்கொரு பாடம் தருகின்றது. 1789 இல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பை ஏற்ற அன்று பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் தமது இல்லத்திற் கையாண்டு, 1797 இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது பரவியமைக்கு அதன் மலிவும் ஒரு காரணமாகும். வறியோரின் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவிற் கல்வி என்பதே அங்கு எடுபட்டது.

மண்கும்பானில் மணலுக்குக் குறைவில்லை. விரலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதும் பிள்ளை பிழைக்கு அஞ்சாது பயில்கின்றது. இதனை நாம் மீட்டெடுக்கலாம். ஆனால் மணலும் மூத்த பிள்ளையும் ஆசிரியருக்கு ஈடாகமாட்டா. பயிற்சி பெற்ற ஆரம்பக் கல்வி ஆசிரியரை முதலாந் தரத்துக்கே முதலில் நியமித்தல், முன்பள்ளியையும் பாடசாலையையும் இணைத்தல், பின்தங்கும் பிள்ளைக்குப் பாடசாலை நேரத்துள்ளேயே துணையளித்தல் ஆகிய மூன்றும் அரசின் கடமைகளாகும். துணை என்பது தருமமன்று. அது அப்பிள்ளையின் உரிமையாகும்.