புல்லை வெட்டும் முன் எலியைத் தேடுங்கள்!

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பொங்கல் நெருங்கும்போது, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர் பக்கம் மனையும் தோட்டமும் வாங்கிப் போட்டவர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கும். ஐப்பசியில் கணுக்கால் அளவு இருந்த புல், தை பிறக்கும்போது இடுப்பு உயரம் நிற்கும். கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே பாதையே தெரியாது. "எல்லாத்தையும் வெட்டித் தள்ளுங்க" என்று ஆளிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகளைக் காரிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

அதே புல்லை இருளர்கள் பார்க்கும் விதமே வேறு.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் இவர்கள். 1970-களில் பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்ததும் பிழைப்பு போனது. 1978-ல் உருவான சங்கம் அவர்களுக்கு வேறு வழி காட்டியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. நாம் அஞ்சும் பாம்பிலிருந்துதான் ஆஸ்பத்திரியில் நம்மைக் காப்பாற்றும் மருந்தும் வருகிறது.

இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், புல்லும் சேறுமான சதுப்பு நிலத்தில் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டியவர்களும் இவர்களே.

அவர்கள் நேரே பாம்பைத் தேடுவதில்லை. வளை, எச்சம், உரித்த சட்டை, மண்ணில் தடம் என்று அடையாளங்களைத் தேடுகிறார்கள். எலி வளை இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும் என்பது அவர்களின் பழைய கணக்கு.

எலியோடு வரும் இன்னொன்று

எலியை நம்பி வாழ்வது பாம்பு மட்டுமல்ல. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு வகை உண்ணியும் எலிகளின் உடலில் ஒட்டி வாழ்கிறது. புதருக்குள் போகும் மனிதரை அது கடித்தால் 'ஸ்க்ரப் டைபஸ்' எனும் உண்ணிக் காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு, அக்குள், இடுப்பு போன்ற இடங்களில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். புதர் வெட்டியதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரையிலேயே குணமாகும். விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எப்படி வெட்டுவது?

நல்ல வெளிச்சத்தில் ஆரம்பியுங்கள். முழங்கால் வரை பூட்ஸ், முழுக்கைச் சட்டை, கையுறை அவசியம். பிரஷ் கட்டர் பிடிப்பவருக்குக் கண்ணாடியும் வேண்டும், கல் தெறிக்கும். முதலில் நீளமான கம்பால் புல்லைத் தட்டி, சற்று நேரம் விடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து ஆரம்பித்து வேலியை நோக்கி வெட்டிக்கொண்டு போனால், உள்ளே இருக்கும் ஜீவன்கள் வெளிப்பக்கமாக நகரும். வேலியிலிருந்து உள்நோக்கி வந்தால் அவற்றை வீட்டுக்குள் விரட்டியது போலாகிவிடும்.

வெட்டிய புல்லைச் சுவரோரம் குவிக்காதீர்கள். மாடு வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். அல்லது தென்னம்பாத்தியில் பரப்புங்கள். தீ வைக்க வேண்டாம். கடற்காற்றில் அது பக்கத்துக் கூரைக்குத் தாவ நிமிஷம் போதும்.

அடுத்தது எலி. செங்கல், விறகு, தென்னை மட்டைக் குவியல்களைச் சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள். கோழித் தீவனம், நாய் தின்ற மிச்சம் இரவில் வெளியே கிடக்கக் கூடாது. கதவின் அடி இடைவெளியையும் சாக்கடைக் குழாயின் வாயையும் அடையுங்கள். தரையில் படுத்தால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். இரவில் வீட்டுக்குள் வரும் கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலியும் இமை சொருகலுமாகத்தான் அது வெளிப்படும்.

கடித்துவிட்டால்?

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. தமிழக அரசும் 2024-ல் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவுமே வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்த்தே விரியன் விஷம் ஏறியிருப்பதை டாக்டர்கள் கண்டுகொள்வார்கள்.

வீட்டைச் சுற்றியும் நடக்கும் பாதையிலும் புல்லை ஒட்ட வெட்டி வைத்தால் போதும். வேலியோரம் கொஞ்சம் புதர் இருந்துவிட்டுப் போகட்டும். பாம்பு தென்பட்டால் அடிக்காமல், விலகி நின்று தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். வயல் எலியைத் தின்ன அதுவும் வேண்டும்.