கை அசைவும் கீபோர்டின் ஒலியும்



கோயில் திருவிழாவில் நாதசுவரக் கலைஞர் தோடி ராகம் வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதில் காந்தாரம் என்னும் சுவரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். அதே தோடியைக் கீபோர்டில் வாசித்துப் பாருங்கள். சுவரங்கள் சரியாகவே இருக்கும். ஆனால் தோடி இருக்காது. காரணம் என்ன? ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையிலுள்ள ஒலியைத் தொட விரலுக்கு வழியில்லை. கட்டையை அழுத்தியதும் ஒலி பிறந்துவிடுகிறது. பிறந்த ஒலியை வளர்ப்பதற்குத்தான் வகையில்லை.

இது சிறிய குறையன்று. 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை விதித்தது. கமகங்களை அக்கருவியில் வாசிக்க இயலாது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1971ஆம் ஆண்டில்தான் அத்தடை தளர்த்தப்பட்டது. கட்டைக் கருவிகளின் இந்தக் குறையை ஓரளவு நீக்கவல்லது கையசைவை அளக்கும் உணர்கருவி. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இன்று காண்போம்.

கையைக் காற்றில் அசைத்து இசை எழுப்பும் எண்ணம் புதியதன்று. 1920ஆம் ஆண்டையொட்டி ரஷ்ய அறிஞர் லெவ் தெர்மின் ஒரு மின்கருவியை உருவாக்கினார். அவர் பெயராலேயே அது தெரமின் எனப்படுகிறது. அதில் செவிக்கு எட்டாத இரண்டு மின் அதிர்வுகள் உண்டு. ஒன்று மாறாதது, மற்றொன்று, கம்பியருகே கை வரும்போது மாறுவது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நமக்கு ஒலியாகக் கேட்கும். எடுத்துக்காட்டாக, ஒன்று நொடிக்கு 1,70,000 முறையும் மற்றொன்று 1,70,440 முறையும் அதிர்ந்தால், 440 அதிர்வுள்ள ஒலி பிறக்கும். ஒரு கை சுருதியை மாற்றும். மறு கை ஒலியைக் கூட்டும், குறைக்கும். இளமையில் தெரமின் கருவிகளைச் செய்து பழகிய அமெரிக்கர் ராபர்ட் மூக், 1964இல் புகழ்பெற்ற தம் மின்னிசைக் கருவியை அமைத்தார். ஆகவே கையசைவும் கீபோர்டும் நெடுநாள் உறவினரே.

இனி, கீபோர்டுக்கு வருவோம். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1998இல் டி-பீம் என்னும் அமைப்பை ஒரு மின்னிசைக் கருவியில் சேர்த்தது. பின்னர் அது பல கீபோர்டுகளிலும் இடம்பெற்றது. கருவியின் மேற்புறத்திலிருந்து கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர் மேல்நோக்கிப் பாயும். அதன்மேல் கையை நீட்டினால், கதிர் உள்ளங்கையில் பட்டுத் திரும்பும். கை அருகே இருந்தால் திரும்பும் ஒளி மிகுதி, விலகினால் குறைவு. அந்த அளவைக் கருவி ஓர் எண்ணாக மாற்றிக்கொள்கிறது. வெயில் நேராக விழும் பந்தலில் இது தடுமாறக்கூடும். ஏனெனில் கதிரவன் ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதை மாற்றுவது? இங்கே ஒரு சிறு சோதனை. உங்கள் குரலை ஒரே சுருதியில் நிறுத்தி “ஆ” என்று சொல்லுங்கள். சுருதி மாறாமல், வாயை மெல்லக் குவித்து “ஊ” என்று முடியுங்கள். சுருதி அதேதான், ஆனால் ஒலியின் நிறம் மங்கிவிட்டதல்லவா? கீபோர்டிலும் ஒலியின் மேலதிர்வுகளை வடிகட்டும் பகுதி உண்டு. கையை உயர்த்தித் தாழ்த்தினால் அந்த வடிகட்டி திறந்து மூடும். கருவி வாய் திறந்து பாடுவதுபோல் தோன்றும்.

சுருதியை வளைப்பது இதைவிடக் கடினம். 1983இல் வெளிவந்த மிடி என்னும் பொதுமுறையில், சாதாரணக் கட்டளைகளுக்கு 0 முதல் 127 வரை 128 படிகளே உண்டு. ஒரு ஸ்தாயி முழுவதையும் இதில் பங்கிட்டால், ஒரு கட்டைக்கு ஏறக்குறைய 10 படிகள்தாம் கிடைக்கும். ஒலி வழுக்கிச் செல்லாமல் படிக்கட்டில் குதிப்பதுபோல் கேட்கும். ஆதலால் சுருதி வளைவுக்கு 16,384 படிகள் வகுத்துள்ளனர். தோடியின் காந்தாரத்துக்கு, கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணி, மேலே இரண்டு கட்டை, கீழே இரண்டு கட்டை அளவு வளைந்தால் போதும். அதற்கு மேல் வைத்தால் கை சற்று நடுங்கினாலும் சுருதி ஓடிவிடும்.

ஒரு கையைக் கட்டையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறதே என்று கேட்பீர்கள். அதற்கும் வழி கண்டுள்ளனர். ஐஸ்லாந்தில் உருவான வேவ் என்னும் மோதிரத்தை விரலில் அணிந்துகொண்டால், கையின் சாய்வையும் திருப்பத்தையும் அதிலுள்ள நுண்கருவிகள் அளந்து கம்பியின்றி அனுப்பும். கட்டையை அழுத்தும் கையே, வீணைக் கம்பியை இழுக்கும் கைபோல் அசையலாம்.

பயில விரும்புவோர் முதலில் ஒலியின் நிறத்தை மட்டும் கையசைவால் மாற்றிப் பழகுக. அடுத்து ஒலியின் ஏற்ற இறக்கம். சுருதி வளைவு கடைசியில் வரட்டும். தெரமின் வாசிப்பில் பெரும்புகழ் பெற்ற கிளாரா ராக்மோர், முதலில் வயலின் பயின்றவர். தொட்டுப் பார்க்கக் கட்டையோ தந்தியோ இல்லாத கருவியில் அவருக்கு வழிகாட்டியது அவருடைய செவியே.

ஆம், உணர்கருவி கையின் தூரத்தைத்தான் அறியும், தோடியை அறியாது. காந்தாரம் எவ்வளவு அசைய வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதை எந்த எண்ணும் சொல்லித் தராது. ஆகவே மாணவர்களே, அடுத்த திருவிழாவில் நாதசுவரக் கலைஞருக்கு அருகே போய் அமருங்கள். அந்த அசைவை முதலில் வாயால் பாடிப் பாருங்கள். பாட வந்ததைக் கையாலும் செய்யலாம். செவியில் இல்லாததைக் கை தேடிப் பயனில்லை.