சம்பளச் சீட்டில் இல்லாத ஒரு வரி: சிங்கப்பூரிலிருந்து ஓய்வூதியம் கட்டுவது எப்படி?

சிங்கப்பூரில் ஒரே கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேரின் சம்பளச் சீட்டை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகன். 55 வயதைத் தாண்டாதவர் என்றால், அவர் சம்பளத்தில் 20 விழுக்காடு பிடித்து, முதலாளியின் பங்காக இன்னொரு 17 விழுக்காடு சேர்த்து, மத்திய சேம நிதியில் போடுகிறார்கள். 1955இல் தொடங்கிய நிதி அது. 65 வயதுக்கு மேல் மாதாமாதம் பணமாகத் திரும்பி வரும். மற்றவர் திருவாரூர்ப் பக்கத்திலிருந்தோ புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தோ வேலை அனுமதியில் வந்தவர். அவர் சீட்டில் அந்த வரியே கிடையாது. சேம நிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான்.

"முதலாளிதான் நம்ம பேர்ல மாசாமாசம் லெவி கட்றாரே, ஊருக்குப் போகும்போது கொடுப்பாங்கண்ணே" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கொடுக்கமாட்டார்கள். வெளிநாட்டுத் தொழிலாளரை வேலைக்கு வைப்பதற்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தீர்வை அது. தொழிலாளிக்கு அதில் ஒரு காசு பங்கு இல்லை.

சில நாடுகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. பிரிட்டனில் போதிய காலம் வேலை பார்த்துவிட்டு வெளிநாடு போனவர், விடுபட்ட ஆண்டுகளுக்குத் தானே பணம் கட்டி அரசு ஓய்வூதியத்தை உயர்த்திக்கொள்ளலாம். இந்தியாவில் அப்படி ஆண்டுக்கணக்கை நிரப்பும் ஓய்வூதியம் கிடையாது. ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுடன் இந்தியா செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் சிங்கப்பூருடன் இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளருக்கென்றே மத்திய அரசு 2012இல் மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா என்று ஒன்றைத் தொடங்கியது. அரசும் தன் பங்கைப் போடும் திட்டம். வளைகுடா போன்ற, இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குப் போனவர்களுக்கானது அது, சேர்ந்தவர்களும் குறைவு. 2017இல் மூடிவிட்டார்கள்.

இன்றைக்குக் கையில் இருப்பது தேசிய ஓய்வூதியத் திட்டம், அதாவது என்.பி.எஸ். 2009 மே மாதத்திலிருந்து எல்லாக் குடிமக்களுக்கும் திறந்திருக்கிறது. வெளிநாட்டில் வாழும் இந்தியரும் சேரலாம். இணையத்திலேயே சேர்ந்துவிடலாம். பான் அட்டையும் கடவுச்சீட்டும் வேண்டும். சேர்ந்ததும் பிரான் எனப்படும் நிரந்தர எண் கிடைக்கும். பணம், வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கிலிருந்து போகவேண்டும். இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஐ.டி.ஐ. படிக்கும்போது திறந்த சாதாரணச் சேமிப்புக் கணக்கையே பத்து வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போனதும் அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்கிறது அந்நியச் செலாவணிச் சட்டம். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது வங்கியில் அரை நாள் உட்கார்ந்து இதை முடித்துவிடுங்கள். கல்யாண அழைப்பும் காதுகுத்தும் அதற்குள் ஓடிப்போய்விடாது.

அடுத்த கேள்வி எல்லோரும் கேட்பது: "நடுவுல எடுக்கலாமா?" கொஞ்சம் எடுக்கலாம். பிள்ளைகளின் மேற்படிப்பு, திருமணம், வீடு, கடும் நோய் போன்ற காரணங்களுக்கு, நீங்கள் போட்ட தொகையில் 25 விழுக்காடு வரை. அதற்கு மேல் கைவைப்பது கடினம். அதுதான் இந்தத் திட்டத்தின் நல்ல குணம் என்பது என் கட்சி. சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று அனுப்பும் பணமும், 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ்வையும் இந்தியாவின் யு.பி.ஐ.யையும் இணைத்த பிறகு கைப்பேசியிலேயே அனுப்பும் பணமும், ஊரில் இறங்கியதுமே சிமெண்டாகவும் செங்கல்லாகவும் நகையாகவும் மாறிவிடுகின்றன. யாரும் கேட்டு வாங்க முடியாத பணம் ஒன்று இருக்கட்டும்.

60 வயதில் என்ன ஆகும்? நீண்ட காலமாக இருந்த விதி, சேர்ந்த தொகையில் குறைந்தது 40 விழுக்காட்டைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து மாத ஓய்வூதியமாக்க வேண்டும் என்பது. 2025 டிசம்பரில் அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு அதை 20 விழுக்காடாகக் குறைத்தார்கள். மீதி 80 விழுக்காட்டை மொத்தமாக எடுக்கலாம். கேட்க இனிப்பாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாதம் 3,000 ரூபாய், 20 வருடம். கட்டியது மொத்தம் 7.2 லட்சம். ஆண்டுக்கு 8 விழுக்காடு வளர்ந்தது என்று வைத்துக்கொண்டால் (சந்தையைப் பொறுத்தது, உத்தரவாதம் இல்லை) கையில் ஏறத்தாழ 17.6 லட்சம் இருக்கும். அதில் 20 விழுக்காட்டை மட்டும் ஓய்வூதியமாக்கி, 6 விழுக்காடு கிடைத்தால், மாதம் சுமார் 1,760 ரூபாய். மொத்தத்தையும் ஓய்வூதியமாக்கினால் சுமார் 8,800. முதல் தொகையில் ஒரு வாரத்து மளிகையும் மாத்திரையும் வரும். கட்டும்போதே இதை மனத்தில் வையுங்கள்: 20 என்பது குறைந்த அளவு, அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் ஓய்வூதியமாக்கலாம். 80 விழுக்காட்டையும் எடுத்து மாடி கட்டுவதென்றால், என்.பி.எஸ். எதற்கு?

வரிச்சலுகை என்று சொல்லி இதை விற்க வருபவரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். இந்தியாவில் வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவருக்கு அந்தச் சலுகையால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஓய்வுக்காலத்துக்கு வரிச்சலுகையோடு சேமிக்கும் சிங்கப்பூரின் எஸ்.ஆர்.எஸ். திட்டமும் அப்படித்தான். வெளிநாட்டவர் ஆண்டுக்கு 35,700 வெள்ளி வரை போடலாம், 10 ஆண்டு கழித்து மொத்தமாக எடுத்தால் பாதிக்குத்தான் வரி. நல்ல சம்பளத்தில் இருக்கும் கணினிப் பொறியாளருக்கு லாபம். முதல் 20,000 வெள்ளி வருமானத்துக்கு வரியே இல்லாத நாட்டில், அதைத் தொடாத தொழிலாளிக்கு எதற்கு?

ஊரிலிருக்கும் மனைவியை மறக்கவேண்டாம். 2015இல் வந்த அடல் பென்ஷன் யோஜனாவில் 18 முதல் 40 வயதுக்குள், வருமான வரி கட்டாதவர் சேரலாம். வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேமிப்புக் கணக்கு இருந்தால் போதும். 30 வயதில் தொடங்கினால் மாதம் 577 ரூபாய். பத்து வெள்ளிக்கும் கீழே. 60 வயதிலிருந்து மாதம் 5,000 ரூபாய், அவருக்குப் பின் கணவருக்கும் அதே தொகை. 40 வயது வரை தள்ளிப்போட்டால் அதே 5,000க்கு மாதம் 1,454 கட்டவேண்டும். ஆனால் இதை மட்டும் நம்பி உட்காரக்கூடாது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், முப்பது வருடம் கழித்து வரும் 5,000 இன்றைய 870 ரூபாய்க்குத்தான் சமம்.

சிங்கப்பூர் வருவதற்கு முன் சென்னையிலோ ஓசூரிலோ கம்பெனியில் வேலை பார்த்து பி.எஃப். பிடித்திருந்தால் அதையும் தேடிப் பாருங்கள். 10 வருடச் சேவை முடிந்திருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. அதற்கும் குறைவு என்றால், பணத்தை எடுத்துவிடாமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், திரும்பி வந்து வேலைக்குச் சேரும்போது பழைய வருடங்கள் கணக்கில் சேரும். முன்பே திறந்த பி.பி.எஃப். கணக்கை 15 ஆண்டு முடியும்வரை தொடரலாம்; வெளிநாடு போன பிறகு புதிதாகத் திறக்க முடியாது.

2025 ஜூலை முதல் சிங்கப்பூர் வேலை அனுமதிக்கு இருந்த மொத்த ஆண்டு வரம்பை மனிதவள அமைச்சு நீக்கிவிட்டது. வயது வரம்பும் 60இலிருந்து 63 ஆகியிருக்கிறது. ஆக, உடம்பும் முதலாளியும் ஒத்துழைத்தால் கட்டுவதற்கு முன்னைவிடக் கூடுதல் வருடங்கள் இருக்கின்றன.

கணக்கைத் திறந்த கையோடு இரண்டு வேலை. ஓ.டி.பி. வரும் இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். அது செத்துப்போய் தன் கணக்கைத் தானே பார்க்க முடியாமல் நிற்பவர்கள் தங்குவிடுதிக்கு நாலு பேர் இருப்பார்கள். கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர் வாரிசுதாரராக அம்மா பெயரையோ அப்பா பெயரையோ எழுதியிருப்பார். தாலி கட்டிய பிறகு அந்தப் படிவத்தைப் புதிதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.