புதுவரவாய் வந்த பழஞ்சரக்கு

1984-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், யோஹான் செபாஸ்தியான் பாக் என்னும் ஜெர்மானிய ஸங்கீத மேதையின் முந்நூறாவது ஜன்ம வருஷத்தைக் கொண்டாடும் ஏற்பாடுகளில் மேனாட்டு ஸங்கீத உலகம் முழுவதும் முனைந்திருந்த சமயத்தில், அவர் இயற்றியவையாக அதுவரை எவர் கணக்கிலும் சேராத 31 உருப்படிகள் கிடைத்துவிட்டன என்ற செய்தி அமெரிக்காவிலிருந்து வெளியாயிற்று. அவை கிடைத்த இடம், நியூ ஹேவன் நகரத்தில் யேல் சர்வகலாசாலையின் ஸங்கீத நூல் நிலையம். அவை அடங்கிய கையெழுத்து ஏடு அங்கே 1873 முதலே இருந்து வந்திருக்கிறது. பத்திரமாக வைக்கப்பட்டிருந்த ஒரு பொருள், வைத்த இடத்திலேயே 111 வருஷம் இருந்துவிட்டுப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது என்றால், அது எவ்வாறு நேர்ந்தது என்று விசாரிக்கப் புகுகிறவர்களுக்கு, ஸங்கீத நூல் நிலையம் என்ற ஸ்தாபனத்தின் உள்விவகாரங்கள் பலவும் அந்த ஒரு சம்பவத்தின் வாயிலாகவே விளங்கிவிடும்.

முதலில் அத்தகைய நூல் நிலையத்தில் இருப்பவை எவை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம்முடைய ஸங்கீதத்தில் குருமுகமாக வந்த பாடமே பிரதானம். ஸ்வரப்படுத்திய புஸ்தகம் ஞாபகத்துக்குத் துணை. மேனாட்டிலோ, இயற்றுகிறவர் ஒவ்வொரு வாத்தியமும் எந்தக் கணத்தில் எந்த ஸ்வரத்தை எவ்வளவு பலமாக ஒலிக்கவேண்டும் என்பது வரையில் காகிதத்தில் எழுதி முடித்துவிடுகிறார். வாசிக்கிறவர் பெரும்பாலும் அந்தக் காகிதத்தைக் கண்முன் வைத்துக்கொண்டே வாசிக்கிறார். அதிலும் ஒரே உருப்படிக்குப் பல ரூபங்கள் உண்டு. பெருங்குழு வாசிக்கும் ஸிம்பொனியானால், எல்லா வாத்தியங்களின் பகுதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்திக் காட்டும் பெரிய ஸ்வரப் பிரதி குழுவை நடத்துகிறவருக்கு. அவரவர் பகுதியை மட்டும் கொண்ட தனிப் பிரதி ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும். படித்துப் பார்த்து அமைப்பை அறிய விரும்பும் மாணாக்கனுக்குக் கைக்கு அடக்கமான சிறு பிரதி. இசை நாடகமானால், பாடகர் சாதகம் செய்வதற்காக வாத்தியக் குழு முழுவதையும் பியானோ ஒன்றுக்குள் சுருக்கிக் கொடுத்த பிரதி. நான்கு பேர் வாசிக்கும் தந்தி வாத்திய உருப்படியை வாங்கும் நூல் நிலையத்தார், நான்கு தனிப் பிரதிகளையும் செருகி வைக்க அட்டையின் உட்புறத்தில் ஒரு பை அமைக்கிறார்கள். இரவல் வாங்கினவர் இரண்டாவது வயலினுக்குரியதை மட்டும் வீட்டில் மறந்துவிட்டால், மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை. பைண்டு செய்வதிலும் தனி ஜாக்கிரதை வேண்டும். இரு கைகளும் வாத்தியத்தில் இருக்கும்போது புஸ்தகம் தானாக மூடிக்கொண்டால் வாசிப்பு நின்றுபோகும். ஆகையால் விரித்தது விரித்தபடியே படிந்து கிடக்குமாறு அதைத் தைக்கவேண்டும். இவை அற்ப விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் ஸங்கீதத்துக்கென்று தனி நூல் நிலையமும், அதற்கென்று பயின்ற மனிதர்களும் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இவையே பாதி விடை.

யேலின் ஸங்கீதச் செல்வத்துக்கு அஸ்திவாரமாக அமைந்தவை பாஸ்டன் நகரத்து லோவெல் மேஸனின் நூல்கள். கிறிஸ்தவத் துதிப் பாடல்களுக்கு மெட்டு அமைத்தவர் என்றும், 1838-ல் அந்நகரின் பொதுப் பள்ளிக்கூடங்களில் ஸங்கீதத்தைப் பாடமாக நுழைத்தவர் என்றும் பெயர் பெற்ற மேஸன், 1852-ல் ஐரோப்பாவில் யாத்திரை செய்துகொண்டிருந்த காலத்தில், டார்ம்ஸ்டாட் நகரத்து ஆர்கன் வித்வானாக இருந்து காலஞ்சென்ற கிறிஸ்டியன் ஹைன்ரிக் ரிங்க் என்பவருடைய ஸங்கீத ஏடுகளை விலைக்கு வாங்கினார். ரிங்க் சாமானியர் அல்லர். பாக்கின் கடைசிச் சீடர்களில் ஒருவரான கிட்டெலிடம் பயின்றவர். ஆகவே பாக்குக்குப் பிரசிஷ்யர் முறை. அவரிடம் சேர்ந்திருந்த ஏடுகளில் ஒன்று, யோஹான் காட்ஃப்ரீட் நொய்மைஸ்டர் என்ற ஆர்கன் வாத்தியக்காரர் 1790-க்குப் பின் தம் கையால் பெயர்த்தெழுதியது. மேஸன் 1872-ல் காலமானார். அடுத்த வருஷம் அவருடைய நூல்கள் யேலுக்குத் தானமாக வந்தன. நொய்மைஸ்டர் ஏடும் மூட்டையோடு மூட்டையாக வந்து சேர்ந்தது.

அந்த ஏட்டில் இருப்பவை 82 சிறு உருப்படிகள். லூதரன் மாதாகோயிலில் சபையோர் ஒரு துதிப் பாடலைத் தொடங்குமுன், அதன் மெட்டை நினைவூட்டி அவர்கள் மனத்தை அதில் படியச் செய்யும் பொருட்டு, ஆர்கன் வாத்தியக்காரர் முகவுரை போலச் சிறிது வாசிப்பது வழக்கம். அத்தகைய முகவுரைகளே இவை. ஹாண்டலுக்கு ஆசானாக இருந்த ஸாக்கோவ், நொய்மைஸ்டருக்கே ஆசானாக இருந்த ஸோர்கே முதலியோர் பெயர்களெல்லாம் அதில் காண்கின்றன. யோஹான் செபாஸ்தியான் பாக்கின் முதல் மனைவியைப் பெற்றவரான யோஹான் மிகாயேல் பாக்கின் உருப்படிகளும் கணிசமாக உண்டு. மாப்பிள்ளையின் பெயரில் இருப்பவை 38. அவற்றுள் 7 ஏற்கெனவே அறியப்பட்டவை. எஞ்சிய 31-ஐத்தான் உலகம் அறியாதிருந்தது. பெரும்பாலும் இளமைப் பருவத்தில், மாமனாரும் மற்ற முன்னோரும் வகுத்த வழியிலேயே காலூன்றி, ஆயினும் ஆங்காங்கே அவ்வழியை மீறத் துணியும் ஒரு வாலிபனின் கை அவற்றில் தெரிகிறது என்கிறார்கள் விஷயம் அறிந்தவர்கள்.

இத்தனை காலமும் அது எவர் கண்ணிலும் படாததற்குக் காரணம், அலமாரியில் யாரும் அதை ஒளித்து வைத்தது அன்று. நொய்மைஸ்டர் என்பது எவரையும் ஈர்க்கும் பெயரில்லை. பலருடைய உருப்படிகள் கலந்து கிடக்கும் ஏட்டை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றின் தொடக்க ஸ்வரங்களை பாக்கின் சாஹித்தியங்கள் அனைத்துக்குமான அட்டவணையோடு ஒத்துப் பார்த்தாலன்றி, அதில் புதியது உண்டா என்பது புலப்படாது. தொடக்க ஸ்வரங்களோடு கூடிய அத்தகைய அட்டவணையை வோல்ஃப்காங் ஷ்மீடர் என்பவர் தொகுத்து வெளியிட்டதே 1950-ல்தான். ஹார்வர்டு சர்வகலாசாலைப் பண்டிதர் கிறிஸ்டோஃப் வோல்ஃப், லைப்ஸிக் நகரத்து ஹான்ஸ் யோவாகிம் ஷுல்ஸே, யேலின் ஸங்கீத நூல் நிலையத் தலைவர் ஹாரோல்டு ஸாமுவேல் ஆகிய மூவரும் அந்த ஒப்பீட்டைச் செய்தார்கள். தாமும் அவ்வேட்டைத் தனியே ஆராய்ந்து வந்ததாக ஜெர்மானிய ஆர்கன் வித்வான் வில்ஹெல்ம் க்ரும்பாக் உரிமை கொண்டாடினார். எல்லாமே பாக்கின் கைவண்ணந்தானா என்று சந்தேகித்த பண்டிதர்களும் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் யாரும் தீண்டாத ஏட்டுக்கு ஓரிரண்டு மாதங்களில் இத்தனை சொந்தக்காரர்களும் இத்தனை வழக்குகளும் முளைத்தது மனித சுபாவத்துக்கு ஒத்ததே.

1985-லேயே அவை வோல்ஃப் பதிப்பாக, யேல் சர்வகலாசாலைப் பிரசுராலயமும் காஸல் நகரத்து பேரன்ரைட்டர் நிறுவனமும் சேர்ந்து அச்சிட்ட ஸ்வரப் பிரதியாய் வெளிவந்தன; ஆர்கன் வித்வான்கள் வாசித்த இசைத்தட்டுகளும் உடனுக்குடன் தொடர்ந்தன. பாக் அட்டவணையில் 1090 முதல் 1120 வரையுள்ள எண்கள் அவற்றுக்கு இடப்பட்டிருக்கின்றன. பல தேசத்து ஸங்கீத நூல் நிலையங்களும் அப்பிரதியையும் தட்டுகளையும் புதுவரவாக வாங்கி வைத்தன. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியையோ பதினெட்டின் தொடக்கத்தையோ சேர்ந்த சரக்கு அப்படித்தான் புதிதாகக் கடைக்கு வந்தது.

ஸ்வரப் பிரதியின் கதை இதுவென்றால், ஒலிப்பதிவின் கதை இன்னும் அவசரம் மிக்கது. நல்ல காகிதம் இருநூறு வருஷம் பொறுத்திருக்கும், தட்டு பொறுக்காது. யேலில் பழைய ஒலிப்பதிவுகளுக்கென்று ஒரு பிரிவு 1961-ல், லாரன்ஸ் விட்டன் என்ற அரும்புஸ்தக வியாபாரியும் அவர் மனைவியும் அளித்த தட்டுகளைக் கொண்டு ஏற்பட்டது. (இந்த விட்டன் மூலமாகவே, கொலம்பஸுக்கு முன்பே வட அமெரிக்காவைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட ‘வின்லாண்டு’ தேசப்படமும் யேலுக்கு வந்தது, அது போலி என்று சர்வகலாசாலையே 2021-ல் அறிவித்துவிட்டது. தட்டுகளைப் பற்றி அப்படியொரு சந்தேகமும் எழவில்லை.)

பியானோ மேதை விளாடிமிர் ஹாரோவிட்ஸ், 1945-ல் தொடங்கிச் சில வருஷங்கள், நியூயார்க் கார்னெகி மண்டபத்தில் தாம் செய்த கச்சேரிகளைத் தம் சொந்த உபயோகத்துக்காகத் தட்டில் பதிவு செய்வித்து வந்தார். தம் வாசிப்பைத் தாமே கேட்டுக் குறை காண்பதற்கு அதைவிடச் சிறந்த கண்ணாடி ஏது? 1953-ல் மேடையை விட்டு ஒதுங்கிய அவர் 1965 வரையில் திரும்பவில்லை. ஆகவே அவ்விடைக்காலத்துக்கு முந்திய வாசிப்பின் சாட்சிகளாக அத்தட்டுகள் மிகுந்த மதிப்புப் பெற்றன. பிற்காலத்தில் அவற்றை அவர் யேலுக்கு அளித்தார். அக்காலத்தில் உடனடிப் பதிவுக்கு உபயோகித்த தட்டு, அலுமினியத் தகட்டின்மேல் மெருகெண்ணெய் போன்ற ஒரு பூச்சைப் பூசியது. பூச்சு விறைக்காமல் இருப்பதற்காக அதில் ஆமணக்கெண்ணெய் சேர்ப்பதுண்டு. காலம் செல்லச் செல்ல அந்த எண்ணெய் கசிந்து வெளியேற, பூச்சு சுருங்கி வெடித்து, தகட்டை விட்டுச் செதில் செதிலாக உரிந்துபோகும். உரியாமல் தப்பினாலும், ஒவ்வொரு தடவை ஊசி ஓடும்போதும் ஒலி கொஞ்சம் தேய்ந்தே தீரும். ஆகையால் இத்தகைய தட்டைக் கேட்க விரும்பும் வாசகனிடம் அதைக் கொடுக்காமல், கைதேர்ந்த ஒருவர் தக்க ஊசியைத் தேர்ந்து ஒரே முறை ஓட்டி, வேறொரு சாதனத்தில் மாற்றிக்கொண்டு, மாற்றியதையே கேட்கக் கொடுக்கிறார்கள். ஹாரோவிட்ஸ் 1989-ல் காலமான பின், 1990-களில் அக்கச்சேரிகளிற் சில குறுந்தட்டுகளாக வெளியாயின. அரை நூற்றாண்டுக்கு முன் மண்டபத்தில் இருந்தவர்கள் மட்டுமே கேட்டது, ரசிகர்களுக்குப் புதிய இசைத்தட்டாக வந்தது. க்ளாரினெட் வித்வான் பென்னி குட்மேனும் 1986-ல் இறக்கும்போது தம் தனிப்பட்ட ஒலிநாடாக்களை யேலுக்கே விட்டுச் சென்றார். அவையும் 1988 முதல் வரிசையாகத் தட்டுகளாயின.

ஸங்கீதமே இல்லாத ஒலிப்பதிவும் ஸங்கீத நூல் நிலையத்துக்கு வேண்டும் என்பதை நிரூபித்தவர் விவியன் பெர்லிஸ். யேலில் பயின்று, இன்ஷூரன்ஸ் தொழிலில் பொருளீட்டிக்கொண்டே, நெடுங்காலம் எவரும் வாசிக்கத் துணியாத ஸிம்பொனிகளை எழுதிக் குவித்த சார்லஸ் ஐவ்ஸ் 1954-ல் இறந்தார். அடுத்த வருஷம் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் யேலுக்கு வந்தன. அடித்தும் திருத்தியும் ஓரங்களில் வம்பளந்தும் அவர் எழுதிவைத்த காகிதங்களை ஒழுங்குபடுத்தி அட்டவணையிட, பியானோ வித்வான் ஜான் கர்க்பாட்ரிக் பட்ட சிரமம் கொஞ்சமன்று. 1968-ல், ஐவ்ஸின் வியாபாரக் கூட்டாளியாக இருந்த வயோதிகர் ஜூலியன் மைரிக்கைக் காணச் சென்ற நூல் நிலைய ஊழியர் பெர்லிஸ், கையோடு ஓர் ஒலிப்பதிவுக் கருவியையும் கொண்டுசென்றார். அந்த ஒரு பேட்டியிலிருந்து, ஐவ்ஸை நேரில் அறிந்தவர்களையெல்லாம் தேடிப் பதிவு செய்யும் முயற்சி கிளைத்தது; அதுவே பின்னர் அமெரிக்க இசைவாணர்களின் வாய்மொழிச் சரித்திரம் என்ற பெரிய தொகுதியாக வளர்ந்தது. மைரிக் மறு வருஷத் தொடக்கத்திலேயே காலமாகிவிட்டார்.

இவ்வளவும் வந்து சேர்ந்த பின்னும், பட்டியல் சரியில்லையேல் வராததற்கே சமானம். பேத்தோவனின் ‘நிலவொளி’ ஸொனாட்டா என்று உலகம் வழங்கும் உருப்படியை அவர் அப்பெயரால் அழைத்ததில்லை. அது அவர் காலத்துக்குப் பின் ஒட்டிக்கொண்டது. அச்சிட்டவர்களோ, ஜெர்மனியில் ஒரு தலைப்பும், பிரான்ஸில் வேறொரு தலைப்பும், இங்கிலாந்தில் மற்றொன்றும் இடுவார்கள். பதினான்காவது பியானோ ஸொனாட்டா, 27-ஆம் வரிசையில் இரண்டாவது என்று எண்களாலும் சிலர் கேட்பார்கள். இவை யாவும் ஒன்றே என்பதை அறிந்து, ஒரே பொதுத் தலைப்பின்கீழ் ஸ்வரப் பிரதிகளையும் தட்டுகளையும் கூட்டிவைப்பவர் பட்டியல் எழுதுகிறவர். ஒரு தட்டில் மூவர் இயற்றிய ஐந்து உருப்படிகள் இருந்தால் ஐந்தையும் தனித்தனியே குறிக்கவேண்டும். மேலட்டையைப் பார்த்து ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததை எடுப்பவரிடம், 82 உருப்படிகள் கொண்ட ஏடு மறுபடியும் ஒரு நூற்றாண்டு தூங்கும்.

இன்று யேலின் ஸங்கீத நூல் நிலையம், 1998-ல் திறக்கப்பட்ட கில்மோர் கட்டடப் பகுதியில் இருக்கிறது. தம் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமனுக்குப் பாடம் சொல்ல 1720-ல் பாக் தொடங்கிய சிறு ஏடும், அலங்காரக் குறிகளை எவ்வாறு வாசிக்கவேண்டும் என்று அவர் எழுதிக் காட்டிய அட்டவணையோடு, 1932 முதல் அந்நூல் நிலையத்தின் சொத்து; அதன் பக்கங்களை வீட்டிலிருந்தபடியே கணினித் திரையில் காணலாம். புதிய பிரதி வாங்கவும் புதிய மண்டபம் கட்டவும் தர்மவான்கள் முன்வருவதுபோல, உள்ள ஏட்டைப் பிரித்துப் படித்துக் குறிப்பெழுதும் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க எவரும் எளிதில் முன்வருவதில்லை. ஸங்கீத நூல் நிலையம் ஒன்றுக்குப் பணம் கொடுக்கும் நிலையில் இருப்பவர்கள், முதல் பங்கை இந்த இரண்டாவது காரியத்துக்கே ஒதுக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.