பிரசிடென்ட் ஊர்ல இல்லீங்க!

ஏற்காடு வந்தவர்கள் எல்லாரும் ஏரிக்கும் லேடீஸ் சீட்டுக்கும் ஓடுகிறார்கள். நான் ஓடுவது ஊராட்சி அலுவலகத்துக்கு! செக் புக்கும் தீர்மானப் பதிவேடும் பூட்டி வைத்த அந்த இரும்பு பீரோவுக்குள் எவ்வளவு சுவாரசியம் இருக்கிறது, தெரியுமா? வாருங்கள், கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிடுவோம்.

நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம், செம்மநத்தம் என்று சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் ஊராட்சிகளில் ஏதாவது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரசிடென்டுக்கு உடம்பு முடியாமல் சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிவிட்டால் அவர் ஊராட்சி எல்லையிலேயே இல்லை. அந்த நேரம் பார்த்து மலைமேல் தண்ணீர் மோட்டார் காயில் எரிந்துபோகிறது. அதுவும் மே மாதம், கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறிவரும் சீசன்! மெக்கானிக் வந்து நிற்கிறார். “பிரசிடென்ட் ஊர்ல இல்லீங்க” என்கிறார் ஊராட்சி செயலர். இனி என்ன ஆகும்?

இனிமேல்தான் கொண்டாட்டமே! 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இப்படி ஒரு நாளை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. தலைவர் தொடர்ந்து 15 நாளுக்கு மேல் எல்லைக்குள் இல்லை என்றாலோ, செயல்பட முடியாத நிலையில் இருந்தாலோ, அவருடைய பணிகள் துணைத் தலைவரிடம் போய்ச் சேரும். 15 நாள் ஆகும்வரை காத்திருக்க வேண்டுமா? கிளம்பும் முன்பே எழுத்தில் ஒப்படைத்துவிட்டுப் போகவும் வழி உண்டு. கிராம சபைக்கும் இப்படித்தான். சபை கூடும் மே 1 அன்று தலைவர் வர முடியாவிட்டால் துணைத் தலைவர் நடத்துவார். அவரும் இல்லையென்றால் வந்திருக்கும் உறுப்பினர்களில் ஒருவர் நடத்துவார். சபை கூடாமல் போகாது.

ஆனால் என்னைத் துள்ளவைப்பது செக் விஷயம்தான். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவரை ஊர் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இருவரும் எதிரெதிர் கோஷ்டியாக இருப்பதும் நடக்கிற காரியம்தான். பெட்டிக்கு இரண்டு சாவி போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்த மாதிரி. சரி, ஒருவர் இல்லாதபோது மற்றவரே இரண்டு கையெழுத்தையும் போட்டுவிடலாமா? முடியாது! கூட்டத்தில் தீர்மானம் போட்டு அதிகாரம் கொடுக்கப்பட்ட இன்னொரு உறுப்பினர் வந்து சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஆள் மாறலாம், ஆனால் இரண்டு கை என்ற கணக்கு மாறவே மாறாது. இதை எழுதியவரைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்வேன்!

என்னைக் கேட்டால், அந்த மூன்றாவது ஆளின் பெயரைப் பதவியேற்ற முதல் மாதத்திலேயே தீர்மானமாக எழுதி வைத்துவிட வேண்டும். மோட்டார் எரிந்த பிறகு கூட்டம் போட்டால், அதுவரை குடத்தோடு ஊற்றுக்கு நடப்பவர்கள் பெண்கள்.

டெல்லியே 1969-இல் இதைத்தான் செய்தது. மே மாதம் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மறைந்தார். துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்றார். அவரும் இல்லாமல் போனால் யார் என்பதற்கு அந்த மாதமே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஜூலையில் தேர்தலில் நிற்க கிரி விலகியதும் தலைமை நீதிபதி இதயத்துல்லா வந்து உட்கார்ந்தார், ஒரு நாள்கூடத் தடுமாற்றம் இல்லை. நம் கோட்டையிலும் 2016 அக்டோபரில் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது முதல்வராக அவரே தொடர, அவருடைய இலாகாக்களை ஓ. பன்னீர்செல்வம் கவனித்தார்.

மறுபடி நம் ஊராட்சிக்கே வருவோம். சேலம் மாவட்டத்தில் 2020 ஜனவரியில் பதவியேற்ற ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. தேர்தல் நடக்காததால் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். மூன்றாவது ஆளுக்கு வழி வைத்த சட்டம் நம் கையில் இருக்கிறது. அந்த முதல் இரண்டு பேரைப் பதவியில் உட்காரவைக்கும் தேர்தல்தான் காலத்தில் நடந்திருக்க வேண்டும்.